செப்டிக் ஷாக்கில் மயக்க மருந்தும் நுண்குழாய் ரத்த ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர். நோயாளியின் வீட்டார், புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள், பட்டமேற்படிப்பு மாணவர்கள் என யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

நேற்று ‘ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது’ என்றார்கள், இன்று ‘செப்டிக் ஷாக்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுக்கடங்காமல் தன் உறுப்புகளையே பாதிக்கத் தொடங்கினால் அது செப்சிஸ். அதன் கடுமையான கட்டம் செப்டிக் ஷாக். போதுமான திரவம் ஏற்றிய பிறகும், சராசரி ரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவுக்குக் குறையாமல் நிலைநிறுத்துவதற்கு நார்-அட்ரினலின் போன்ற மருந்து தேவைப்பட வேண்டும். ரத்தத்தில் லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் செப்டிக் ஷாக் என்று 2016-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறை சொல்கிறது. இந்த நிலைக்கு வந்தவர்களில் மருத்துவமனையிலேயே இறப்பவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் மருத்துவர்களின் முகம் நேற்றைவிட இன்று இறுகியிருக்கிறது.

இவ்வளவு மோசமாக இருக்கும்போது அப்பாவுக்கு மயக்க மருந்து எதற்கு? அது பி.பி.யைக் குறைக்காதா?

குறைக்கும். அது தெரிந்துதான் கொடுக்கிறோம். தொண்டைக்குள் குழாய் இருக்கிறது, வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளுகிறது, உடலில் வலி இருக்கிறது. விழிப்போடு இதைத் தாங்க முடியாமல் நோயாளி குழாயைப் பிடுங்கலாம், இயந்திரத்தோடு மல்லுக்கட்டலாம். அந்தப் போராட்டத்தில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் கொஞ்சநஞ்சமல்ல. கிடைப்பதே குறைவு என்னும்போது செலவைக் குறைப்பது மயக்க மருந்தின் ஒரு நன்மை.

ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் இது ஒரே அளவில் தேவைப்படாது. வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தாலே அமைதியாகப் படுத்திருப்பவர்களும் உண்டு.

நுண்குழாய் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஏறக்குறைய 100 மைக்ரானுக்கும் குறைவான விட்டமுள்ள ரத்தக் குழாய்கள்: நுண்தமனி, தந்துகி, நுண்சிரை. தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான். ஆகவே பல இடங்களில் சிவப்பணு தன்னை வளைத்து நெளித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். ஆக்சிஜன் திசுவுக்குள் இறங்குவது பெரும்பாலும் இங்கேதான். இதயம், பெருந்தமனி, நாம் அளக்கும் ரத்த அழுத்தம் எல்லாம் இந்த இடம்வரை ரத்தத்தைக் கொண்டுசேர்ப்பதற்கான ஏற்பாடுகள்.

செப்டிக் ஷாக்கில் அங்கே என்னதான் கெட்டுப்போகிறது?

ஒரே சமயத்தில் பல கோளாறுகள். குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கிளைகோகாலிக்ஸ் என்ற மெல்லிய படலம் உரிந்துபோகிறது. வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பணுக்கள் நெகிழ்வை இழந்து விறைத்துப்போகின்றன. நுண்ணிய ரத்த உறைவுகள் உருவாகின்றன. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஓரிடத்தில் மிதமிஞ்சிச் சுரக்கிறது, பக்கத்திலேயே இன்னோரிடத்தில் போதாமல் இருக்கிறது.

மொத்த ஓட்டம் குறைவதைவிட, ஓட்டம் சீரற்றுப்போவதுதான் இதன் தனித்தன்மை. ஒரு தந்துகியில் ரத்தம் விரைகிறது, அடுத்த தந்துகி நின்றே போயிருக்கிறது. அணையில் நீர் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்வது போன்ற நிலைமை இது. விரைந்தோடும் ரத்தம் ஆக்சிஜனை முழுதாக இறக்காமலேயே சிரைக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் சிரை ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு நன்றாகத் தெரியும்போதே திசு மூச்சுத்திணறிக்கொண்டிருக்கலாம்.

மானிட்டரில் பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது. பிறகு ஏன் லாக்டேட் இறங்கவில்லை?

லாக்டேட் உயர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. அட்ரினலின் வகைத் தூண்டல் அதைக் கூட்டும், கல்லீரல் சோர்ந்தால் அது வெளியேறத் தாமதமாகும். ஆனால் முந்தைய பதிலில் சொன்ன கடைமடைச் சிக்கலை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெருங்குழாயின் அழுத்தம் சரியானால் நுண்குழாயின் ஓட்டமும் சரியாகிவிடும் என்பது நல்ல உடலில் பெரும்பாலும் பொருந்தும் கணக்கு. செப்டிக் ஷாக்கில் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது.

அர்ஜென்டினாவில் அர்னால்டோ டூபினின் குழு 2009-இல் இதை நேரடியாகச் சோதித்தது. செப்டிக் ஷாக் நோயாளிகளின் சராசரி அழுத்தத்தை நார்-அட்ரினலின் கொண்டு 65, 75, 85 எனப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் நாக்கடி நுண்குழாய்களைப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஓட்டம் மேம்படவில்லை. தனித்தனியாகப் பார்த்தபோது, ஆரம்பத்தில் ஓட்டம் மோசமாக இருந்தவர்களுக்குக் கூடும் போக்கும், ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்குக் குறையும் போக்கும் தெரிந்தது. எண்ணை உயர்த்துவதும் ஓட்டத்தை உயர்த்துவதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை மாணவர்களுக்கு நான் காட்டியதில்லை.

உடலுக்குள் ஓடும் ரத்தத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? வெட்டிப் பார்ப்பார்களா?

இல்லை. கையில் பிடிக்கக்கூடிய சிறிய வீடியோ நுண்ணோக்கியை நாக்குக்கு அடியில் மெதுவாக வைக்கிறார்கள். அது பாய்ச்சும் பச்சை ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால், சிவப்பணுக்கள் கரிய புள்ளிகளாக ஓடுவது திரையில் தெரியும். 1999-இல் இதன் முதல் தலைமுறைக் கருவி வெளிவந்தது. பிறகு தெளிவு கூடிய இரண்டு தலைமுறைகள் வந்துவிட்டன. ஓட்டத்தை 0 (நின்றுவிட்டது) முதல் 3 (தொடர்ந்து ஓடுகிறது) வரை மதிப்பிடுகிறார்கள். எத்தனை குழாய்களில் ஓட்டம் இருக்கிறது, இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் கணக்கிடுகிறார்கள். பெல்ஜியத்தில் டி பேக்கரின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டமுள்ள சிறு குழாய்களின் விகிதம் செப்சிஸ் நோயாளிகளிடம் குறைந்திருந்தது. இறந்தவர்களிடம் இன்னும் குறைவாக இருந்தது. குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலினை அந்த இடத்தில் நேரடியாக இட்டதும் ஓட்டம் மீண்டது. அடைபட்ட குழாய்கள் செத்துப்போகவில்லை என்பதை அந்த ஒரு சோதனை காட்டிவிட்டது.

கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே ஓட்டம் நின்றதுபோல் தெரியும், எச்சில் மறைக்கும், படத்தை அலசவும் நேரமாகும். ஆகவே பெரும்பாலான மருத்துவமனைகளில் இது இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான். படுக்கையருகில் நமக்குக் கைகொடுப்பவை விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் திரும்பும் நேரத்தைப் பார்ப்பது, முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீர் அளவு, லாக்டேட்டின் போக்கு ஆகியவை.

புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தக் குழாய்களை விரிக்கும் என்கிறார்கள். விரிந்தால் ஓட்டம் கூடத்தானே வேண்டும்?

கூட வேண்டும் என்றுதான் தோன்றும். உடலை அவசரநிலைக்குத் தயார்செய்யும் சிம்பதெடிக் நரம்புகளின் முறுக்கைப் புரோபோஃபால் தளர்த்துகிறது, தமனிகளும் சிரைகளும் விரிகின்றன, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஆனால் தந்துகிக்குள் ரத்தம் நுழைவதற்கு அதன் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு வேண்டும். அகன்ற பாதைகள் எல்லாம் திறந்துகொண்டால் ரத்தம் எளிதான வழியில் பாய்ந்துவிட்டு, குறுகிய தந்துகிகளைத் தவிர்த்துவிடக்கூடும்.

கருமுட்டை எடுக்கும் சிகிச்சைக்காகப் புரோபோஃபால் பெற்ற பெண்களை பெல்ஜிய ஆய்வாளர்கள் 2008-இல் சோதித்தார்கள். இவர்களுக்குச் செப்சிஸ் கிடையாது. அப்படியிருந்தும் ஓட்டமுள்ள தந்துகிகளின் அடர்த்தி குறைந்தது. சற்றுப் பெரிய குழாய்களில் அத்தகைய மாற்றம் இல்லை. மருந்தை நிறுத்திய பின் நிலைமை பழையபடி திரும்பியது. நலமாக இருப்பவர்களுக்கு இந்தக் குறைவால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பாதித் தந்துகிகளை இழந்து நிற்கும் செப்டிக் ஷாக் நோயாளிக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

புரோபோஃபாலை நிறுத்தி மிடாசோலம் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொடுத்தால் நுண்குழாய் ஓட்டம் கூடுகிறது என்று படித்தேன். உண்மையா?

பிரேசிலில் செய்யப்பட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வு அது. செப்டிக் ஷாக்கில் இருந்தவர்களுக்குப் புரோபோஃபால் ஓடும்போது நாக்கடி ஓட்டத்தைப் பதிவுசெய்தார்கள். பிறகு மிடாசோலத்துக்கு மாற்றி மறுபடியும் பதிவுசெய்தார்கள். மிடாசோலத்தில் ஓட்ட மதிப்பெண் கூடியிருந்தது, சீரின்மை குறைந்திருந்தது. ரத்த அழுத்தம் போன்ற பொது அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மானிட்டர் எதையும் காட்டாதபோதே உள்ளே ஓட்டம் மாறியிருக்கிறது என்பதுதான் இதில் என்னை ஈர்த்தது.

ஆனால் இதை நம்பி வார்டு முழுக்க மருந்தை மாற்றிவிடக் கூடாது. ஆய்வில் இருந்தவர்கள் 20 பேருக்கும் குறைவு. எல்லோருக்கும் முதலில் புரோபோஃபால், அடுத்து மிடாசோலம் என்பதே வரிசை. செப்டிக் ஷாக்குக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நேரம் போகப்போக ஓட்டம் தானாகவே மேம்படலாம். எனவே மாற்றத்துக்குக் காரணம் மருந்தா, கடந்துபோன நேரமா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. வரிசையை மாற்றி, பாதிப் பேருக்கு மிடாசோலத்தை முதலில் கொடுத்திருந்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

அப்படியானால் பி.பி. குறைந்தவர்களுக்கெல்லாம் மிடாசோலமே கொடுத்துவிடலாமே?

வேண்டாம். மிடாசோலம் உடலில் தேங்கும். சிறுநீரகம் சோர்ந்துவிட்டால், அதன் சிதைபொருளும் தேங்கி மயக்கத்தை நீட்டிக்கும். செப்டிக் ஷாக்கில் பலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. மிடாசோலம் சேர்ந்த பென்சோடயசிபின் வகை மருந்துகளால் மனக்குழப்பம் கூடுகிறது, வென்டிலேட்டரிலிருந்து விடுபடும் நாள் தள்ளிப்போகிறது. 2018-இல் வந்த அமெரிக்கத் தீவிர சிகிச்சை வழிகாட்டுதல் இதனால்தான் புரோபோஃபாலை அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறொரு மயக்க மருந்தை முன்னிறுத்தியது. சில மணி நேர ஓட்டத்துக்காகப் பல நாள் தெளிவை விட்டுக்கொடுக்கும் இந்தப் பேரத்தை நான் பெரும்பாலும் ஏற்பதில்லை. அழுத்தம் மிகவும் ஆட்டம் கண்டிருக்கும் முதல் சில மணி நேரத்தில், சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு என்றால் அதற்கு இடமுண்டு.

டெக்ஸ்மெடிடோமிடினும் பி.பி.யைக் குறைக்கும் மருந்துதான். அது எப்படி நார்-அட்ரினலின் தேவையைக் குறைக்கும்? கேட்கவே முரணாக இருக்கிறது.

பட்டமேற்படிப்பு மாணவர்கள் எல்லோரும் கேட்பது. செப்டிக் ஷாக்கில் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. தொடர்ந்து தூண்டப்படுவதால் குழாய்ச் சுவரின் ஏற்பிகள் (நார்-அட்ரினலின் பற்றிக்கொள்ளும் இடங்கள்) மரத்துப்போகின்றன. நாம் கொடுக்கும் நார்-அட்ரினலினுக்கும் செவிசாய்ப்பதில்லை. டெக்ஸ்மெடிடோமிடின் மூளையில் செயல்பட்டு அந்தக் கூச்சலைத் தணிக்கிறது. தூண்டல் தணிந்தால் ஏற்பிகள் உணர்வை மீட்டுக்கொள்கின்றன, குறைந்த நார்-அட்ரினலினே போதுமானதாகிறது என்பது விளக்கம். மெல்போர்னில் ஆடுகளுக்குச் செப்சிஸ் உண்டாக்கிச் செய்த ஆய்வில், இந்த மருந்து நார்-அட்ரினலின் தேவையைக் குறைத்ததோடு சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் அளவையும் காத்தது. பிரேசிலில் வெள்ளெலிகளிடம் செய்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு நுண்குழாய்ச் சேதம் குறைந்ததைக் காட்டியது. மனிதர்களிடம், 38 செப்டிக் ஷாக் நோயாளிகளைப் புரோபோஃபாலிலிருந்து இதற்கு மாற்றியபோது நார்-அட்ரினலின் தேவை இறங்கியது. மறுபடி புரோபோஃபாலுக்குத் திருப்பியபோது ஏறியது. மிடாசோலம் ஆய்வில் நான் சுட்டிய குறை இந்த ஆய்வில் ஓரளவு சரிசெய்யப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: திரும்பவும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

உயிர் காப்பதில் என்ன ஆனது? 2017-இல் ஜப்பானில் 201 செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இறப்பு விகிதத்தில் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. 2019-இல் ஏறக்குறைய 4,000 பேரைச் சேர்த்த ஸ்பைஸ்-3 சோதனையில் 90 நாளில் இறந்தவர்கள், இந்த மருந்தைப் பெற்ற தரப்பிலும் வழக்கமான மயக்க மருந்து பெற்ற தரப்பிலும் 29.1 சதவீதம். 2021-இல் செப்சிஸ் நோயாளிகளிடமே புரோபோஃபாலோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட மென்ட்ஸ்-2 சோதனையிலும் முடிவுகள் சமம். இதயத் துடிப்பு மந்தமாவது இதன் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. தொடக்கத்திலேயே பெரிய அளவில் (சுமை மருந்தாக) வேகமாக ஏற்றினால், முதலில் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், பிறகு சரியும். செப்டிக் ஷாக்கில் அப்படி ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொண்டையில் குழாய் போடும் நேரத்துக்குக் கீட்டமைன் என்ற மயக்க மருந்து பாதுகாப்பானதுதானே?

அழுத்தத்தைப் பொறுத்தவரை புரோபோஃபாலைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது. சிம்பதெடிக் நரம்புகளைத் தூண்டி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் நாள்கணக்கில் ஷாக்கில் இருந்து, அந்தத் தூண்டல் இருப்பு தீர்ந்துபோனவரிடம் இதயத்தை நேரடியாகத் தளர்த்தும் அதன் மறுமுகம் வெளிப்படும். அளவைக் குறையுங்கள், நார்-அட்ரினலினைத் தயாராக வைத்திருங்கள்.

எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தும் அழுத்தத்தை அவ்வளவாகக் குலைக்காது. ஆனால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் தயாரிப்பதைத் தடுக்கிறது. அதைத் தொடர்ந்து ஏற்றியவர்களிடம் இறப்பு கூடியதாக 1983-இல் கிளாஸ்கோவிலிருந்து வந்த எச்சரிக்கைக்குப் பிறகு, தொடர் மயக்கத்துக்கு அது பயன்படுவதில்லை.

வலி மருந்தான ஃபென்டனில்?

நேரடியாகக் குழாய்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மார்ஃபின் ஹிஸ்டமின் வெளிப்படச் செய்து அழுத்தத்தைக் குறைக்கலாம். வலியை முதலில் தணித்தால் மயக்க மருந்தின் தேவையே குறையும் என்பதால், நுண்குழாய்க்கு ஃபென்டனில் மறைமுகமான நண்பன்.

நன்றாக ஆழ்ந்து தூங்கினால் உடலுக்கு ஓய்வுதானே? ஏன் லேசாக வைக்கச் சொல்கிறீர்கள்?

வீட்டார் அன்போடு கேட்பது இது. அசையாமல் படுத்திருப்பவரைப் பார்த்தால் அவர் நிம்மதியாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆக்சிஜன் செலவைக் குறைக்க ஓரளவு மயக்கம் போதும். அதற்கு மேல் ஆழத்தைக் கூட்டினால் செலவு அதிகம் குறையாது. ஆனால் அழுத்தம் இறங்கும், அதை ஈடுகட்ட நார்-அட்ரினலின் ஏறும். நார்-அட்ரினலின் மிகுந்தால் அதுவே நுண்தமனிகளை இறுக்கும். மருந்தேற்றும் ஒரு பம்ப் கெடுப்பதை இன்னொரு பம்ப் சரிசெய்ய முயல்கிறது, நடுவில் சிக்கிக்கொள்வது தந்துகி.

சிகாகோவில் 2000-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தவர்களின் வென்டிலேட்டர் காலம் நடுமதிப்பில் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. முதல் 48 மணி நேரத்தில் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வும் கண்டது. மிகவும் நோயுற்றவர்களுக்கே ஆழ்ந்த மயக்கம் தரப்பட்டிருக்கலாம் என்பதால் அதை நிரூபணமாகக் கொள்ள முடியாது, எச்சரிக்கையாகக் கொள்ளலாம். எந்த மருந்து என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நம்புவது இதனால்தான். பார்வைச் சுற்றின்போது மருந்தின் பெயரை விவாதிக்கும் நேரத்தில் பாதியை அளவுக்குச் செலவிட்டால்கூடப் போதும்.

பி.பி. இறங்குகிறது. முதலில் நார்-அட்ரினலினைக் கூட்ட வேண்டுமா, மயக்க மருந்தைக் குறைக்க வேண்டுமா?

இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் கேள்வி. அபாயமாக இறங்கினால் நார்-அட்ரினலினைக் கூட்டித்தான் ஆக வேண்டும், மருத்துவரை உடனே அழைக்கவும் வேண்டும். அதே கையோடு நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். குரலுக்குக் கண் திறக்கவில்லை, தொட்டால் மட்டும் அசைகிறார் அல்லது தொட்டாலும் அசையவில்லை என்றால், அதாவது மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் ராஸ் அளவுகோலில் மைனஸ் 4, மைனஸ் 5 என்றால், அந்த ஆழம் உத்தரவில் கேட்கப்பட்டதுதானா என்று பாருங்கள். லேசான மயக்கம் என்பது மைனஸ் 2 முதல் பிளஸ் 1 வரை. சளி உறிஞ்சும்போது இருமினார் என்று கொடுத்த கூடுதல் புரோபோஃபாலுக்குப் பிறகு அழுத்தம் இறங்கியிருந்தால் காரணம் தெளிவு.

மயக்க மருந்தைப் பார்த்துவிட்டோம் என்று மற்றவற்றை விட்டுவிடக் கூடாது. திரவக் குறைவு, ரத்தக் கசிவு, வடிக்கப்படாத சீழ், இதயத் தளர்ச்சி எல்லாமே அதே எண்ணாகத்தான் மானிட்டரில் தெரியும்.

விரல் நுனியில் நிறம் சீக்கிரம் திரும்புகிறது. மயக்க மருந்து தோலை விரித்திருந்தால் அது பொய்யான நம்பிக்கை தராதா?

தரலாம். மிடாசோலம் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதையும், அதே சமயம் தேவைக்கேற்பச் சுருங்கி விரியும் இயல்பைப் பாதிப்பதையும் 2006-இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியிருக்கிறது. தோல் சிவந்து கதகதப்பாக இருப்பதால் குடலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதற்காக இந்தச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. லத்தீன் அமெரிக்காவில் 424 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆன்ட்ரோமீடா-ஷாக் சோதனையில், நிறம் திரும்பும் நேரத்தைப் பார்த்துச் சிகிச்சை தந்த தரப்பில் 28 நாள் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்துத் தந்த தரப்பில் 43.4 சதவீதம். புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்ட முடிவு அது. ஆயினும் செலவில்லாத ஒரு சோதனைக்கு இது பெரிய மதிப்பு. விரலை 10 விநாடி அழுத்துங்கள், 3 விநாடிக்கு மேல் ஆனால் தாமதம். மயக்க மருந்தை மாற்றிய உடனே எடுத்த அளவை, மாற்றுவதற்கு முன் எடுத்ததோடு ஒப்பிட்டு ‘ஓட்டம் தேறிவிட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு மருந்து நுண்குழாய் ஓட்டத்தைக் கூட்டுகிறது என்றால், அதனால் நோயாளி பிழைப்பார் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. இதற்கு மயக்க மருந்துக்கு வெளியே ஒரு முன்கதை இருக்கிறது. 2002-இல் நெதர்லாந்தில் எட்டு செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு, குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் கொடுத்தபோது, நாக்கடியில் நின்றிருந்த ஓட்டம் மீண்டும் கிளம்பியது. படங்களைப் பார்த்தவர்கள் விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். அதே நாட்டில் 70 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை 2010-இல் வெளிவந்தது. முறையான திரவமும் பிற சிகிச்சையும் பெற்ற மறுதரப்பிலும் ஓட்டம் அதே அளவு மேம்பட்டிருந்தது. இறப்பு நைட்ரோகிளிசரின் தரப்பில்தான் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தது.

புரோபோஃபாலா மிடாசோலமா என்ற ஆய்வை வாசிக்கும்போதும், வெள்ளெலியின் தோலில் டெக்ஸ்மெடிடோமிடின் செய்ததைக் கேட்கும்போதும் இந்த 2010-ஆம் ஆண்டுச் சோதனையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்கடிப் படம், கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. எந்தச் சிகிச்சை உயிர் காக்கும் என்பதை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 90 நாள் தொடர்ந்து கவனித்துத்தான் அறிய முடியும்.